படை வருவது உதவிக்கே

அம்பர்நாத்தில் உள்ள படைக்கலத் தொழிற்சாலை நாட்டின் படைகளுக்குத் தேவையான பொருள்களைச் செய்கிறது. அப்படைகளின் முதற்கடமை எல்லையைக் காத்தல். ஊரின் அமைதியைக் காத்தல் காவல்துறையின் கடமை. காவல்துறையால் அடக்க இயலாத கலவரம் மூண்டால், இராணுவம் தெருவில் இறங்கலாமா? அதற்கு ஆணையிடுபவர் யார்?

நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொது ஒழுங்கு மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஒன்றியத்தின் படைகளை மாநிலத்திற்குள் நிறுத்தும் அதிகாரமோ ஒன்றியப் பட்டியலில் உள்ளது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் இதனைச் சேர்த்தது. அங்கும் 'குடிமை அதிகாரத்திற்கு உதவியாக' என்னும் வரையறை உண்டு. படை உதவலாமே தவிர, குடிமை அதிகாரத்தின் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாகாது என உச்ச நீதிமன்றமும் 1997இல் தெளிவுபடுத்தியது.

களத்தில் பின்பற்றும் முறையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130, 131ஆம் பிரிவுகள் வகுத்திருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149, 150ஆம் பிரிவுகள் அவற்றின் இடத்தில் உள்ளன. சட்டவிரோதக் கூட்டத்தை வேறு வழியில் கலைக்க இயலாதபோது, அவ்விடத்தில் உள்ள மாவட்ட நடுவரோ அவர் அதிகாரமளித்த நிருவாக நடுவரோ படையின் உதவியைப் பெறலாம். நடுவரைத் தொடர்புகொள்ளவே இயலாத நிலையில் மட்டும் படை அதிகாரி தாமே செயல்படலாம். தொடர்பு கிடைத்ததும் நடுவரின் ஆணைக்கு உட்பட வேண்டும். நடுவரின் ஆணைப்படி செயல்படும்போது, உயிருக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த தீங்கே நேருமாறு படை நடந்துகொள்ள வேண்டும்.

அதிகாரம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை மும்பை அறிந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் தாராவி உள்ளிட்ட பகுதிகள் பற்றியெரிந்தன. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். இராணுவம் அழைக்கப்பட்டும் பெரும்பாலும் கொடி அணிவகுப்பே நடத்தியது. அதனைத் திறம்படப் பயன்படுத்த ஆணையிடுவதில் நான்கு நாள்கள் வீணாயின என நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் வெளிவந்த அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

ஆணையின்றிப் படை இறங்கினால் மக்களாட்சிக்குக் கேடு. உரிய காலத்தில் ஆணை பிறவாவிடில் மக்களின் உயிருக்குக் கேடு. இவ்விரண்டையும் தவிர்க்கும் பொறுப்பு குடிமை அதிகாரத்தினுடையது.

அருஞ்சொற்பொருள்
குடிமை அதிகாரம் – படை சாராத அரசு நிருவாகம்
நிருவாக நடுவர் – அமைதி காக்கச் சட்டப்படி ஆணையிடும் அரசு அலுவலர்
கொடி அணிவகுப்பு – மக்களுக்கு நம்பிக்கையூட்டப் படையினர் தெருக்களில் வலம்வருதல்

வினாக்கள்
1. படை அதிகாரி தாமே செயல்படுவது எப்போது?
2. மும்பைக் கலவரம் உணர்த்தும் பாடம் யாது?