லெவல் ஒன்று.. பலமும் ஒன்றா? 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' புள்ளிக் கணக்கு சொல்வது என்ன?

தேசூரில் மூன்று நண்பர்கள் பகடையும் பேப்பருமாக உட்கார்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள்னு வச்சுக்குவோம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். சவால்களை ஜெயிக்க ஜெயிக்க எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளி சேரும். லெவல் ஏறும், பலம் கூடும்.

என்ன சிக்கல்?

லெவல் சமமாக ஏறினாலும் பலம் சமமாக ஏறாது. 1981 பதிப்பில், முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம்தான். ஆனால் பின்னாடி, ஒரே நெருப்புப் பந்தில் கூட்டத்தையே வீழ்த்திவிடுவார். வாள்வீரர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

எப்படிச் சரிக்கட்டினார்கள்?

அதே பதிப்பில், 2-வது லெவலுக்குப் போக திருடருக்கு 1,200 புள்ளி போதும். வாள்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். 2000-ல் வந்த 3-வது பதிப்பு, எல்லோருக்கும் ஒரே அளவை வைத்தது.

நம்ம ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு 15 ஆடு என எண்ணிக்கையே ஈடுகட்டிவிடும். அங்கே ஆடும்போது யாருக்கும் பலம் கூடாது. இங்கே கூடிக்கொண்டே போகும்.

அதனால் புள்ளியைச் சமமாகப் பிரித்தால் மட்டும் போதாது. பூட்டு, பேரம், சண்டை என ஒவ்வொருவருக்கும் வேலை தரும் சவால்களை, ஆட்டத்தை நடத்துபவர் வைக்கணும். இல்லைன்னா, சும்மா உட்கார்ந்திருந்த நண்பர் அடுத்த வாரம் வரமாட்டார்.