செய்தி வரிசையும் கட்டளைச் சொல்லும்

பெரிய நிறுவனம் ஒன்றனுள் பல கணினிகள் பல தொழில்களைச் செய்கின்றன. கணக்கு எழுதுவது ஒன்று. சரக்கிருப்பைக் காப்பது ஒன்று. சம்பளம் கணிப்பது மற்றொன்று. இவற்றின் நிரல்கள் ஒரே காலத்தில் எழுதப்பட்டன அல்ல. ஒரே கணினி மொழியில் அமைந்தனவும் அல்ல. இங்ஙனம் வேறுபட்டு நிற்பவற்றின் நடுவே நின்று, ஒன்றன் செய்தியை மற்றொன்றற்குச் சேர்ப்பிக்கும் கருவியை இடைநிலை மென்பொருள் என்பர். அதனைக் கட்டளை வரியிலிருந்து அமைக்கும் முறையையும், அவ்வமைப்பில் ஒரு சொல் விடுபடின் விளையும் கேட்டையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இத்தகைய கருவி வேண்டப்படுவது ஏன்? ஏழை மாணவன் ஒருவன் தேர்வுக் கட்டணத்தை இறுதி நாளன்று மாலையில் வங்கியிற் செலுத்துகின்றான் எனக் கொள்வோம். வங்கியின் கணினி பணத்தைப் பெற்றுக்கொண்டது. அச்செய்தியைப் பெறவேண்டிய கல்லூரிக் கணினியோ அந்நேரம் நிறுத்தப்பட்டிருக்கின்றது. இரண்டு கணினிகளும் நேர்நின்று பேசவேண்டும் என்பதே ஏற்பாடாயின், செய்தி சேராது. மாணவன் பெயரும் பட்டியலில் ஏறாது. பணம் போயிற்று, தேர்வும் போயிற்று என்னும் நிலை வந்துவிடும். ஆயின், இடையே ஒரு வரிசை இருப்பின், வங்கி தன் செய்தியை அதில் இட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். கல்லூரிக் கணினி விழித்தபோது எடுத்துக்கொள்ளும். அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவேண்டா என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

இவ்வகைக் கருவிகளுள் நெடுநாள் வழக்கிலுள்ளது ஐ.பி.எம். நிறுவனத்தாரின் எம்.க்யூ. ஆகும். 1993-ம் ஆண்டில் எம்.க்யூ.சீரிஸ் என்னும் பெயரோடு வெளிவந்த இது, 2002-ல் வெப்ஸ்பியர் எம்.க்யூ. எனவும், 2014-ல் ஐ.பி.எம். எம்.க்யூ. எனவும் பெயர் மாறிற்று. நிரல் எழுதுவோர் பழகிப் பார்த்தற்பொருட்டுக் கட்டணமின்றி வழங்கப்படும் பதிப்பும் உண்டு. ஆகலின் மாணவரும் இதனைத் தம் கணினியில் அமைத்துப் பார்த்தல் கூடும்.

இனி, அமைக்கும் முறையைக் காண்போம். கட்டளைகளின் ஆங்கில எழுத்துக்களைத் தனித்தனியே ஒலிக்குமாறு தமிழில் தருகின்றோம். லினக்ஸ் கணினியில் இக்கட்டளைகளை இடுவோர் எம்-க்யூ-எம் என்னும் குழுவில் உறுப்பினராதல் வேண்டும்.

முதற்கண் வரிசைகளையெல்லாம் ஆளும் மேலாளர் ஒருவரைப் படைத்தல் வேண்டும். அதற்குரிய கட்டளை சி-ஆர்-டி-எம்-க்யூ-எம் என்பது. அதன்பின் மேலாளர்க்கு நாம் இடும் பெயர் வரும். எஸ்-டி-ஆர்-எம்-க்யூ-எம் என்னும் கட்டளை அம்மேலாளரை இயக்கும். இயங்குகின்றாரோ அன்றோ என அறிதற்கு டி-எஸ்-பி-எம்-க்யூ என்பது உதவும். பின்னர் ஆர்-யூ-என்-எம்-க்யூ-எஸ்-சி என்று எழுதி மேலாளர் பெயரையும் சேர்ப்பின், அவரோடு உரையாடும் வாயில் திறக்கும். அவ்வாயிலினுள் ‘டிஃபைன்’ என்னும் வினைச்சொல்லால் வரிசைகளை வகுக்கலாம். ‘எண்ட்’ என்றால் வாயில் மூடிக்கொள்ளும்.

பெயரிடுவதில் ஒரு நுட்பம் உளது. தமிழெழுத்தில் பெரியது சிறியது என்னும் வேற்றுமை இல்லை; ஆங்கிலத்தில் உண்டு. மேலாளர் பெயரைப் படைக்கும்போது அவ்வேற்றுமை அப்படியே காக்கப்படும். ஆகவே சிறிய எழுத்தால் எழுதிய பெயரும் பெரிய எழுத்தால் எழுதிய பெயரும் இரு வேறு மேலாளரைக் குறிக்கும். உரையாடும் வாயிலினுள்ளோ, ஒற்றை மேற்கோட் குறிக்குள் இடாத பெயர்களெல்லாம் பெரிய எழுத்தாக மாற்றப்பட்டுவிடும். இதனை அறியாதார், தாம் படைத்த வரிசையைத் தாமே காணாது தேடி அலைவர்.

நிற்க, அனைத்தினும் தலையாய செய்தி ஒன்றுண்டு. வரிசையில் இட்ட செய்தி எந்நிலையிலும் காக்கப்படும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. செய்திகள் நிலைபேறுடையன, நிலைபேறில்லன என இருவகைப்படும். வரிசையை வகுக்கும்போது நாம் ஒன்றும் கூறாது விடின், அவ்வரிசைக்கு இயல்பாய் அமைவது நிலைபேறின்மையே. ‘டெஃப்-ப்சிஸ்ட்’ என்னும் சொல்லை எழுதி, அதன் அடைப்புக்குள் ‘எஸ்’ என்று குறித்தாலன்றி, செய்தியை இடும் நிரல் தானே கூறாதவிடத்து, அது நிலைபேறு பெறாது.

இதனைச் சோதித்தறிதல் எளிது. இரண்டு வரிசைகளை வகுப்போம். ஒன்றில் மேற்கூறிய சொல்லை எழுதுவோம், மற்றொன்றில் எழுதாது விடுவோம். மென்பொருளோடு வரும் ஏ-எம்-க்யூ-எஸ்-புட் என்னும் மாதிரி நிரலால் இரண்டிலும் ஒவ்வொரு செய்தியை இடுவோம். அப்பொழுது ‘டிஸ்ப்ளே’ என்னும் கட்டளையால் ‘கர்டெப்த்’ என்னும் ஆழத்தைக் கேட்பின், இரண்டும் 1 என்றே விடை வரும். வேற்றுமை சிறிதும் தோன்றாது. இனி மேலாளரை நிறுத்தி மீண்டும் இயக்குவோம். மறுமுறை கேட்பின், ஒன்று 1 என்றும் மற்றது 0 என்றும் காட்டும். முன்னது வட்டில் எழுதி வைக்கப்பட்டமையால் நின்றது, பின்னது மறைந்தது. பிழை என்று அறிவிக்கும் குரலும் எழுவதில்லை. மேலே கூறிய மாணவனுடைய கட்டணச் செய்தி அவ்விரண்டாம் வரிசையில் இருந்திருப்பின் என்னாகும் என்பதைப் படிப்போரே உய்த்துணர்க.

அங்ஙனமாயின் எல்லாச் செய்தியையும் நிலைபேறுடையதாக்கலாகாதோ எனின், ஒவ்வொன்றையும் வட்டில் எழுதுதல் காலத்தை உண்ணும். நிமிடந்தோறும் மாறும் வெப்பநிலை அளவு போன்றவற்றில் ஒன்று தவறினும் அடுத்தது வந்துவிடும். அவற்றிற்கு நிலைபேறு வேண்டா. பணம், மருந்து, தேர்வு என்பனபோல மீண்டும் வாராச் செய்திகட்கே அது வேண்டும். எது எத்தகையது எனத் தேர்வது கருவியின் வேலையன்று, அமைப்போனுடைய கடமையாகும்.

சேரவேண்டிய இடம் காணாத செய்திகளுக்கும் ஓர் இடம் வகுத்தல் வேண்டும். முகவரி அறியப்படாக் கடிதங்களை அஞ்சல் நிலையத்தார் தனியே வைத்துக் காப்பதுபோல, இங்கும் ‘டெட் லெட்டர்’ வரிசை என ஒன்றுண்டு. மேலாளரைப் படைக்கும்போதே, சிறு கோடும் யூ என்னும் எழுத்தும் இட்டு, அவ்வரிசையின் பெயரைக் குறிப்பிடலாம். குறிப்பிடாதவிடத்து, நிலைபேறுடைய செய்தியொன்று பிற கணினியினின்று வந்து சேரிடம் பெறாதாயின், செய்தி வரும் வழியே நின்றுபோதல் கூடும். ஒன்றன்பொருட்டு அதன் பின்னுள்ளன யாவும் தடைப்படும்.

படங்களையும் பொத்தான்களையும் அழுத்தி இவற்றைச் செய்யும் வழியும் உண்டு; தொடக்கத்தில் அஃது எளிதே. ஆயினும், அழுத்திய பொத்தான் சுவடு விட்டுச் செல்வது அரிது. கட்டளைகளையோ ஒரு கோப்பில் எழுதிவைத்து, அக்கோப்பையே ஆர்-யூ-என்-எம்-க்யூ-எஸ்-சி கட்டளைக்கு ஊட்டலாம். எத்தனை கட்டளைகள் படிக்கப்பட்டன, எத்தனை இலக்கணப் பிழையுடையன என்று இறுதியில் அது கணக்கும் கூறும். முன்பே அமைந்த மேலாளரின் அமைப்பு முழுவதையும் கட்டளை வடிவில் எழுதித் தருவதற்கு டி-எம்-பி-எம்-க்யூ-சி-எஃப்-ஜி என்பதும் உண்டு. எழுதியது கண்முன் நிற்றலின், பிறன் ஒருவன் அதனைப் படித்து, இவ்வரிசைக்கு நிலைபேறு கூறப்படவில்லையே எனச் சுட்டிக்காட்டவும் இயலும்.

ஏட்டுச் சுவடியில் ஓர் எழுத்து வேறுபடின் பொருள் வேறுபடும் என்பதைத் தமிழ் பயில்வோராகிய நாம் நன்கறிவோம். அங்கு உள்ள சொல்லே பெரும்பாலும் ஆராயப்படும். கட்டளைக் கோப்பிலோ, எழுதப்படாது விட்ட சொல்லையும் ஆராய்தல் வேண்டும். கூறாது விட்டவிடத்தில் கருவி தானே ஒரு பொருள் கொள்ளும் ஆகலின். எனவே, செய்தி வரிசை அமைக்கப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, ‘செய்தி சென்றதா?’ என்பதன்று, ‘இன்றிரவு கணினி நின்று நாளைக் காலையில் எழுமாயின், இச்செய்தி இருக்குமா?’ என்பதேயாம். அவ்வினாவிற்கு விடையை எழுத்தில் எழுதிவைத்தவனே கருவியைச் செவ்வனே அமைத்தவன் ஆவான்.