உங்களுக்குத் தெரியுமா? தணிகையும் தணியாத கோபமும்

● சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால்தான் 'தணிகை'. ஏறிப் போக 365 படிகள், ஆண்டின் நாள் கணக்கு. புயலும் வெள்ளமும் போன பிறகு சனங்களுக்கு வரும் கோபத்துக்கு இப்படி ஒரு மலை இல்லை.

● திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம் அதற்கு வழி போட்டது. மனிதர் எல்லையை மாற்றினாலும் ஆறு பழைய வழியில்தான் வருகிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், இந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை பொங்கித் தரைப்பாலங்கள் முங்கும். 2021 நவம்பரிலும் அதே கதை. பாலத்தின் இரு முனையிலும் தடுப்பு, காவலுக்குப் போலீஸ். பஸ் நின்றுபோகும். அக்கரையில் வயல் வைத்திருப்பவர் வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நிற்பார். 'உயர்மட்டப் பாலம் எப்போ சார்?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

● 2005 டிசம்பர் 18 விடியலில், சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் அல்ல, வெள்ள நிவாரண டோக்கன் வாங்க வந்த கூட்ட நெரிசலில்.

● கஜா புயல் கரையேறியது 2018 நவம்பர் 16. தென்னை சாய்ந்து, கரண்டும் குடிதண்ணீரும் இல்லாமல் கிடந்த புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அடுத்த நாளே அரசு வாகனங்கள் எரிந்தன. எரித்தது தப்புதான். ஆனால் என் கணிப்பில், சனங்கள் காற்றை மன்னித்துவிடுவார்கள்; எட்டிப் பார்க்காத அதிகாரியை மன்னிக்க மாட்டார்கள்.

● வறட்சியும் இப்படித்தான். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் குடிநீர், நம் அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போனது. 'எங்களுக்கே இல்லையே' என்று வேலூர் மாவட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியது.

● 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைப் போலா புயல் தாக்கியது. பல லட்சம் பேர் மாண்டார்கள். நிவாரணத்தில் பாகிஸ்தான் அரசு காட்டிய மெத்தனம் அடுத்த மாதமே தேர்தலில் எதிரொலித்தது. அதன் தொடர்ச்சியாக 1971-இல் வங்கதேசம் பிறந்தது.

● மழைக்காலத்தில் பள்ளிப்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு: தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்காதீர்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.