புள்ளி, கோடு, தளம்: கணினி அசைவூட்டத்தின் அடிப்படைச் சொற்களைத் தமிழில் கற்பித்தல்

ஓவியம், வடிவமைப்பு, கணினி அசைவூட்டம் ஆகியவற்றின் தொடக்கநிலைச் சொற்களைப் புலம்பெயர் மாணவர்க்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மியூனிக்கில் வளரும் தமிழ்ச் சிறார் படம் வரைவதையும் அதனை அசையச் செய்வதையும் ஜெர்மன் மொழியில் பயில்கின்றனர். தமிழை வார இறுதியில் தனியே கற்கின்றனர். தாம் விரும்பிச் செய்யும் தொழிலைப் பற்றி ஒரு தொடரேனும் தமிழில் கூற இயலாதார்க்கு, அம்மொழி பண்டிகைக்கும் பாட்டிக்கும் உரியதாகச் சுருங்கிவிடும்.

மியூனிக் இவ்வினாவிற்குப் பொருத்தமான களமாகும். வால்ட்டர் ருட்மான் தம் 'லிக்ட்ஸ்பீல் ஓபுஸ் 1' என்னும் அருவ அசைவூட்டப் படத்தை இங்கு உருவாக்கி 1921இல் வெளியிட்டார். காண்டின்ஸ்கியின் 'புள்ளியும் கோடும் தளமும்' பற்றிய நூல் 1926இல் இந்நகரப் பதிப்பகம் ஒன்றின் வழியே வெளிவந்தது. அதன் தலைப்பிலுள்ள மூன்று சொற்களும் அன்றாட ஜெர்மன் சொற்களே. மென்பொருளில் அடுக்கைக் குறிக்கவும் ஜெர்மானியர் சமவெளியையும் வடிவியல் தளத்தையும் குறிக்கும் 'ஏபெனெ' என்ற பழகிய சொல்லையே ஆள்கின்றனர்.

தமிழிலும் புள்ளியிலிருந்தே தொடங்கலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிக்சலைப் 'புள்ளி' என்று மட்டும் பெயர்த்தால் மாணவர் குழம்புவர். கோலப்புள்ளி இடத்தைக் காட்டுவது. அதனைச் சுற்றியே இழை வளைந்து செல்லும். பிக்சலோ நிறம் நிரப்பப்பெறும் ஒரு கட்டம். அதற்கு நெருங்கிய உவமை கோலத்தில் இல்லை. சேலைக் கரைக்கான வடிவத்தைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பும் நெசவாளர் பணியில் உள்ளது. ஆகவே 'படவணு' என்னும் சொல்லே எனக்கு ஏற்புடையது.

நெளிக்கோலம் விளக்குவது மற்றொரு வகைப் படத்தை: சில புள்ளிகளின் இடமும் அவற்றையொட்டி வளையும் கோட்டின் விதியும் மட்டும் நினைவில் வைக்கப்படும் வெக்டர் வரைகலையை. கோலத்தின் விதிகளைக் கணினியியலார் அறியாதவரல்லர். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் கோலத்தை அணி இலக்கணங்களால் விளக்கிய ஆய்வு 1974இலேயே கணினி வரைகலை ஆய்விதழில் வெளிவந்தது. இடர்ப்பாடு சொல்லில்தான். தமிழகப் பாடநூல் 'வெக்டர்' என்கிறது. இலங்கைப் பாடநூல் 'காவி' என்கிறது. 'திசையன்' என்பாரும் உளர். ஓவிய வகுப்பில் காவி ஒரு நிறம் என்பதை நினைவிற்கொண்டால், இங்கு 'வெக்டர்' என்ற கடன்சொல்லை ஏற்பதே நன்று.

பழஞ்சொற்களில் உயிருள்ளவற்றையும் நாம் மறந்துள்ளோம். நற்றிணை 118ஆம் பாடல் ஓவியரின் துகிலிகையைக் குறிப்பிடுகிறது. ஆயின் 'தூரிகை' இன்று நிலைபெற்றுவிட்டமையால் அதனை மாற்ற வேண்டுவதில்லை. நெடுநல்வாடையில் வரும் 'புனையா ஓவியம்' வேறு நிலையில் உள்ளது. வண்ணம் தீட்டாது வடிவத்தைக் கோட்டால் மட்டும் காட்டிய ஓவியம் என்பது நச்சினார்க்கினியர் உரையின் கருத்து. வண்ணமூட்டுவதற்குமுன் அசைவைச் சோதிக்க வரையப்படும் கோட்டுப்படத்திற்கு இதைவிடத் துல்லியமான பெயரை நான் எம்மொழியிலும் கண்டதில்லை.

'சட்டகம்' என்பதை விளக்க ஓஸ்கார் ஃபிஷிங்கர் உதவுவார். 1927இல் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு நடந்தே சென்ற அவர், வழியிற் கண்ட மனிதரையும் நிலத்தையும் ஒற்றைச் சட்டகங்களாகப் பதிவு செய்தார். நெடும்பயணம் சில நிமிடப் படமாயிற்று. வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகையில், ஒரு வரைபடத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 வரைபடங்கள் போதும் என்பதை மாணவர் விரைவில் உணர்வர். அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவன முதன்மைச் சட்டகங்கள். அவற்றிடையே நிரப்பப்படுவன இடைச்சட்டகங்கள். பின்னவற்றையே கணினி கணக்கிட்டுத் தருகிறது.

'வடிவமைப்பு' குறித்து மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. தொடக்க வரைவையும் முடிந்த வடிவாக்கத்தையும் அவ்வொரு சொல்லே சுமப்பதை ஆசிரியர் சுட்டினால் போதும். 'அனிமேஷன்' என்பதன் இலத்தீன் மூலம் மூச்சையும் உயிரையும் குறிப்பது. 'அசைவூட்டம்' அவ்வுயிரை விடுத்து அசைவை மட்டும் கொண்டது. 'இயங்குபடம்' செயலை விடுத்து விளைபொருளைக் குறிப்பது. செயலுக்கு முன்னதையும் படைப்புக்குப் பின்னதையும் வழங்கினால், இன்று ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் இரு சொற்களும் வகுப்பில் பயன்படும்.