வெறும் காற்று: இளையராஜாவின் இரண்டாவது ஆல்பம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அப்பா தி.நகரிலிருந்து கேசட் ஒன்று வாங்கிட்டு வந்தார். அட்டையில் இளையராஜா பெயர். போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு, பாட்டு வரலை. திருப்பிப் போட்டோம். அந்தப் பக்கமும் வரலை. "பாட்டே இல்லையேடா, வெறும் மியூசிக்தான் ஓடுது" என்றார். அதன்பிறகு எங்க வீட்டில் அது மதியத் தூக்கத்துக்கான கேசட் ஆகிவிட்டது.

அந்த கேசட்தான் 'நத்திங் பட் விண்ட்'. 1988இல் வந்தது. இளையராஜாவின் சினிமா சாராத கருவி இசை ஆல்பங்களில் இரண்டாவது. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. கூடவே ஐம்பது பேர் கொண்ட இசைக்குழு.

முதல் ஆல்பம் 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாஃகுக்கும் காணிக்கை. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அதில் பிரதானம். பாஃக் எழுதிய ஒரு தனி வயலின் துண்டை அப்படியே வைத்து, அதோடு நம்ம ஊர் மெட்டைப் பேசவிட்ட முயற்சியும் அதில் உண்டு. அதன் இசையை பாலுமகேந்திரா 'வீடு' படத்தில் பயன்படுத்தினார். அதனால் நம்மில் பலர் அந்த ஆல்பத்தைத் தெரியாமலேயே கேட்டிருக்கிறோம். இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எனக்கு இரண்டாவது ஆல்பங்கள் மேல் தனி ஆர்வம் உண்டு. இங்கிலாந்தில் சிம்ப்ளி ரெட் என்ற பாப்-சோல் குழு 1985இல் முதல் ஆல்பத்தையும் 1987இல் இரண்டாவதையும் வெளியிட்டது. அந்த ஊரில் 'இரண்டாவது ஆல்பம்தான் கஷ்டம்' என்பது கிட்டத்தட்ட பழமொழி. காரணம் எளிது. முதல் ஆல்பத்தில் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுக்க இருக்கும். இரண்டாவதில்தான், கையில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

இளையராஜாவுக்கு இந்தக் கஷ்டம் வேறு மாதிரி வந்தது. 1988 என்பது 'அக்னி நட்சத்திரம்' வந்த வருஷம். சினிமாவில் உச்சத்தில் இருந்தவர். கைச்சரக்கு தீர்ந்துபோகும் பயம் அவருக்கு இருந்திருக்காது. அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினைதான் பெரிசு.

அது என்னவென்று புரிய ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வீட்டில் கீபோர்டு இருந்தால், அல்லது போனில் கீபோர்டு ஆப் இருந்தால், சங்கராபரணத்தின் ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. பளிச்சென்று இருக்கும். இப்போ ச, க இரண்டையும் விடாமல், ப-வில் இருக்கும் விரலை மட்டும் அடுத்த ஸ்வரமான த-வுக்கு நகர்த்துங்க. சட்டென்று சோகம் வந்துவிடும். இத்தனைக்கும் க அதே இடத்தில்தான் இருக்கு. பக்கத்தில் இருக்கிறவர் மாறினதும் அதன் குணமே மாறிவிட்டது. மேற்கத்திய ஹார்மனியின் அடிப்படையே இதுதான். கீழே தளம் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே நிற்கும் ஸ்வரத்துக்கு ஒவ்வொரு தடவையும் புது அர்த்தம் கிடைக்கும்.

நம்ம ராக சங்கீதத்தில் நிலைமை நேர் எதிர். மார்கழியில் மயிலாப்பூர் சபா எதற்குள் நுழைந்தாலும் பாட்டுக்கு முன்னால் காதில் விழுவது தம்புரா. அது அசையாது. அசையாத அந்த ச-வை வைத்துத்தான் மற்ற ஸ்வரங்களுக்கு மதிப்பு. அதிலும் ஹிந்துஸ்தானி பன்சூரி வாசிப்பவர் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுவது குறைவு. வழுக்கிக்கொண்டு போவார். நடுவில் இருக்கும் பெயரில்லாத இடங்களில்தான் ராகத்தின் உயிர் இருக்கு. கீழே ஐம்பது பேர் தாளைப் பார்த்து வாசித்துத் தளத்தை நகர்த்திக்கொண்டே இருந்தால், அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

சௌராசியா இதற்குப் புதியவர் இல்லை. 1967இல் 'கால் ஆஃப் தி வேலி'யில் வாசித்தவர். சிவகுமார் சர்மாவோடு சேர்ந்து 'சில்சிலா' (1981) படத்துக்கு இசையமைத்தவர். ஸ்டுடியோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் அவருக்குப் பழக்கம். இந்தப் பக்கம் இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் லாட்ஜ் அறையில் ஹார்மனி படித்தவர். இசைக்குழுவில் ஒவ்வொருவரும் என்ன வாசிக்கணும் என்பதைத் தானே தாளில் எழுதுகிறவர். ஒருவர் மூச்சை நம்புகிறவர், இன்னொருவர் எழுத்தை நம்புகிறவர்.

ஆல்பத்தைக் கவனித்துக் கேட்டால் இரண்டையும் அவர் எப்படிச் சேர்த்தார் என்பது தெரியுது, குறைந்தபட்சம் என் காதுக்கு. குழல் விரிந்து பாடும் இடங்களில் வயலின்கள் நீளமான ஸ்வரங்களில் நின்றுவிடுகின்றன. தம்புரா செய்யும் வேலையை அந்த நேரத்துக்கு அவை செய்கின்றன. குழல் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் தளம் நகர்கிறது. திரும்பிவந்து குழல் அதே ஸ்வரத்தைத் தொடும்போது, நாம் கீபோர்டில் பார்த்த க மாதிரி, அது வேறு ஸ்வரமாகக் கேட்கும்.

தலைப்பும் இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. இசையும் காற்றுதான், தென்றல், புயல் மாதிரி இயற்கையில் நடக்கிற ஒன்று என்பதுதான் ஆல்பத்தின் கருத்து. பேச்சொலி பிறப்பதைச் சொல்லும்போது தொல்காப்பியமும் உந்தியிலிருந்து கிளம்பும் காற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆல்பத்தில் ஒரு துண்டுக்குப் பெயர் 'கம்போசர்ஸ் பிரெத்', இசையமைப்பாளரின் மூச்சு. வாசிக்கிறவரின் மூச்சு என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். தாளில் எழுதி வைத்ததும் மூச்சுதான் என்று அவர் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆல்பம் மட்டும் வந்திருந்தால், சினிமாக்காரர் ஒருவர் ஆசைக்குச் செய்து பார்த்தது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது வந்ததால் அப்படிச் சொல்ல முடியாது. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்த திருவாசகத்துக்கும், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாசித்த 'வேலியன்ட்' சிம்பொனிக்கும் போகும் பாதை இங்கே தெளிவாகவே தெரியுது. ஆனால் சிம்பொனிக்குக் கைதட்டிய நாம், அன்றைக்கு இந்தக் கேசட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினோம். வரியும் நடிகர் முகமும் இல்லாத இசையை என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரலை.

போன மாசம் அந்த விரல் சோதனையை அப்பாவுக்குச் செய்து காட்டினேன். ப-விலிருந்து த-வுக்கு நகர்த்தச் சொன்னேன். நாலைந்து தடவை தானே மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். அப்புறம், "அந்தக் கேசட் எங்கடா இருக்கு?" என்று கேட்டார். கேசட் எப்பவோ போயிடுச்சு. போனில் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை முதல் துண்டு முடியும்வரை தூங்கலை.