முதற்போலி

நடு எஞ்சின் கார்களின் முகத்தைப் பற்றி எழுதப்போகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். மூலம், பிரதி, போலி என்று கவிதையையும் நாவலையும் வைத்து நாம் பேசித் தீர்க்காத விஷயம், அமெரிக்காவில் நட்டும் போல்ட்டுமாக, கடைசியில் கோர்ட்டு வழக்காகவே நடந்து முடிந்திருக்கிறது.

எஞ்சின் முன்னால் இருக்கிற காரில் முகம் என்பது எஞ்சினுக்கு மூடி. அதன் உயரம், நீளம், காற்று வாங்கும் வாய் எல்லாவற்றிலும் எஞ்சினுக்குப் பங்குண்டு. ஓட்டுபவருக்கும் பின் அச்சுக்கும் நடுவில் எஞ்சினைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் முன்பக்கம் கிட்டத்தட்டக் காலி. ஒரு ரேடியேட்டர், ஒரு ஸ்டெப்னி, சக்கரத்தைத் திருப்பும் சாமான்கள். பிறகு அந்த முகம் எதைத்தான் குறிக்கிறது? முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வேகத்தை. அதைவிடக் கூடுதலாக, விலையை. ஆப்புபோலச் சரிந்து இறங்கும் மூக்கும், வேண்டும்போது மட்டும் எழுந்து நிற்கும் விளக்கும் 70களின் இத்தாலியக் கார்களில் ஒரு மொழியாகவே திரண்டன. (விளக்கு எழுந்ததில் அழகியல் மட்டும் இல்லை. மூக்கு எவ்வளவு தாழ்ந்தாலும் விளக்கு சட்டம் சொன்ன உயரத்தில் இருந்தாக வேண்டுமே!)

இந்த மொழியைச் சம்பளக்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தது பாண்டியாக் ஃபியரோ. 1984 மாடலாக வந்து 1988இல் நின்றுபோனது. மொத்தம் சுமார் 3,70,000 கார்கள். முதலில் வந்த நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 92 குதிரைத்திறன்தான். ஆனால் அதன் உடம்பு வேறு மாதிரி. பாரத்தையெல்லாம் எஃகுக் கூடு தாங்கிக்கொள்கிறது. வெளியே தெரிவது அதன்மேல் முடுக்கப்பட்ட பிளாஸ்டிக் பலகைகள். கழற்றலாம், மாட்டலாம். கம்பெனியே 1985இல் ஜி.டி. மாடலுக்கு வேறு மூக்கு வைத்தது. சித்ரோயன் டி.எஸ். பற்றி எழுதிய ரொலான் பார்த், தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களைக் கவனித்தார். ஃபியரோக்காரர்கள் ஸ்பேனரோடு அந்த இடங்களுக்கே போனார்கள். மூக்கு, பானெட், விளக்கு மூடி எல்லாம் ஃபைபர்கிளாஸில் வேறு உருவம் எடுத்தன. வாசகன் பிரதியை எழுதுகிறான் என்று சொல்கிறோமே, அது ஷெட்டில் நடந்தது.

பலர் எழுதியது ஃபெராரி என்பதுதான் சங்கடம். மிச்சிகன் மாநிலத்து நிறுவனம் ஒன்று, ஃபியரோவின் உடம்பை ஃபெராரி 308 சாயலுக்கு மாற்றி 'மேரா' என்று விற்றது. ஃபெராரி வழக்குப் போட்டது. 1988இல் மேரா நின்றது.

அதைவிட முக்கியம் 1991இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கொர்வெட், ஃபியரோ போன்ற கார்களின் அடிச்சட்டத்தில் மாட்டிக்கொள்ள ஃபெராரி உருவத்தில் கூடு செய்து விற்ற ஒரு சிறு தயாரிப்பாளர் மீதான வழக்கு அது. அடியைத் தரும் காருக்கு அங்கே 'கொடையாளி' என்று பெயர்! வாங்குகிறவருக்கு இது ஃபெராரி இல்லை என்று நன்றாகத் தெரியும், யார் ஏமாந்தது என்று கேட்டார் தயாரிப்பாளர். நீதிமன்றம் சொன்ன பதில்: சாலையில் நின்று பார்க்கிறவர் குழம்பலாம், அது போதும். மூவரில் ஒரு நீதிபதி உடன்படவில்லை.

இங்கே நம் இலக்கணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஓரெழுத்தின் இடத்தில் வேறெழுத்து நின்றும் பொருள் மாறாவிட்டால் அது போலி. மஞ்சு மைஞ்சு ஆனால் முதற்போலி. முகம் முகன் ஆனால் கடைப்போலி. மைஞ்சு மீது யாரும் வழக்குப் போட்டதில்லை. காரில் முதலெழுத்தை மாற்றினால் பொருள் கெட்டுப்போகிறது என்கிறது சட்டம். ஏனென்றால் அங்கே பொருள் என்பதே 'எல்லோரிடமும் இல்லை' என்பதுதான். எஞ்சினையோ உழைப்பையோ அல்ல, பார்ப்பவர் கண்ணில் உள்ள அண்ணாந்த பார்வையைச் சொத்தாக அங்கீகரித்த தீர்ப்பு இது.

அதற்காகக் குதிரைச் சின்னம் ஒட்டிக்கொள்கிறவரைக் கலகக்காரர் என்று கொண்டாட நான் தயாரில்லை. எஜமானின் முகமூடியை மாட்டுகிறவர் எஜமானின் முகம்தான் முகம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். 84 மாடலின் தட்டை மூக்கைக் கழற்றிவிட்டு, தாங்கிகளை மாற்றி, பிந்தைய ஜி.டி.யின் மூக்கை மாட்டுகிறார்களே, அவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம். அவர்கள் காரோடு பேசுகிறார்கள்.

பேசினால் கார் சிலதைச் சொல்லும். ஃபியரோவின் வாய் முகத்தில் இல்லை; தாடைக்கு அடியில் இருக்கிறது. முன் பம்பருக்குக் கீழே தொங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றுதான் காற்றை ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுகிறது. பின்னாலிருக்கும் எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் காரின் அடியில் ஓடும் குழாய்கள் வழியே முன்னால் வந்து, ஆறி, அதே தூரம் திரும்பிப் போகிறது. பார்க்க நன்றாயில்லை என்று அந்தத் தடுப்பைக் கழற்றி எறிந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதித்துவிடும். எந்த மூக்கை வைத்தாலும் அதை மட்டும் திரும்ப மாட்டியாக வேண்டும்.