ஓடும் ரெயிலில் ஓயாத கிரிக்கெட்!

2023–ம் ஆண்டு நவம்பர் 15–ந்தேதி. மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா – நியூசிலாந்து உலக கோப்பை அரை இறுதி. ஒரு நாள் போட்டியில் தனது 50–வது சதத்தை விளாசினார் விராட் கோலி. ஆபீஸ் விடுகிற நேரம். வீட்டுக்குப் போய் டி.வி. போட யாருக்குப் பொறுமை? அந்த ஆட்டத்தை ஒரே சமயத்தில் 5 கோடியே 30 லட்சம் பேர் வரை பார்த்ததாக ஹாட்ஸ்டார் அறிவித்தது.

ரெயில் ஓடுகிறது. டவர் மாறுகிறது. படம் நிற்கவில்லை. எப்படி?

துண்டு துண்டாக...

படம் முழுசாக வருவதில்லை. சில விநாடி ஓடும் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டும் பல தரத்தில் தயாராக இருக்கும். சிக்னல் ஜோராக இருந்தால் பளிச் துண்டை செல்போனே கேட்டு வாங்கும். சிக்னல் இளைத்தால் மங்கல் துண்டு! கோலி முகம் தெரியாது, பவுண்டரி தெரியும். அடுத்த துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைப்பதால், டவர் மாறும் இடைவெளி தெரிவதில்லை.

ஒரு வேடிக்கை: குறைவாக சேர்த்து வைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் விக்கெட் முன்னாடியே விழுந்துவிடும்!

பர்சுக்கு வேட்டு

வீட்டில் வை–பையில் பார்த்துக்கொண்டே தெருவில் இறங்கினால், செல்போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும். படம் நிற்காததால் ஆளுக்கே தெரியாது. விநாடிக்கு 3 மெகாபிட் வீதம் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 1.35 ஜி.பி. காலி! தினம் 1.5 ஜி.பி. பேக் போட்டவர் கதி? அன்று முகமது ஷமி 7 விக்கெட் சாய்ப்பதற்குள் டேட்டா அவுட்!

தரத்தைக் குறைத்து விநாடிக்கு அரை மெகாபிட் ஆக்கினால், அதே ஒரு மணி நேரத்துக்கு 225 எம்.பி. போதும்.